மருமகள் பார்த்த மாமியார்

ஒரே சீரியலை அவரவர் மனசுக்குப் பிடித்தபடி மாற்றிக் காட்டும் டிவிகள் வந்துவிட்ட காலம். சௌந்தரத்தின் டிவியில் வரும் மருமகள் தினமும் மாமியாரின் பாலில் விஷம் கலப்பாள். சௌந்தரமும் அலுக்காமல் பார்ப்பாள்.

அன்று அந்த டிவி பழுதாகிவிட்டது. மருமகள் தாரிணியின் டிவியில் மாமியார் என்ன பாடு படுகிறாளோ என்ற பயத்தோடுதான், சீரியல் பார்க்க அவள் அறைக்குப் போனாள்.

“உன் சீரியல்ல மாமியா பேயா, பிசாசா?”

“நீங்களே பாருங்க அத்தை.”

திரையில் ஒரு மாமியார் மருமகளுக்கு எண்ணெய் வைத்து, வலிக்காமல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒருநாளும் உனக்கு எண்ணெய் வச்சதில்லையே புள்ள?”

“அதான் இதைப் பாக்குறேன் அத்தை.”

சௌந்தரம் எழுந்து போய், எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

“முடியை அவுத்துட்டு இப்படி வந்து உக்காரு.”

“ஐயோ, கதை பாதியில நிக்குதே அத்தை!”

“நிக்கட்டும். நீ தலையை ஆட்டாதே.”