ஹக்கெட் காலத்துச் சராசரி

நரெல் எழுந்து நின்றதும் பள்ளிக்கூட ஹாலில் பேச்சு அடங்கியது. அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கோதுமை விளையும் அந்தச் சிற்றூரில் கிடையாது.

"மிஸ் பென்ரோஸ், சுத்தி வளைக்காம கேக்கிறேன். ஹக்கெட் சார் ஹெட்மாஸ்டரா இருந்தப்ப அரசாங்கத் தேர்வுல நம்ம ஸ்கூல்தான் வட்டாரத்துலயே முதல். நீங்க வந்து மூணு வருஷம் ஆச்சு, கடைசியிலேர்ந்து ரெண்டாவது. என்னதான் சொல்லிக் குடுக்கிறீங்க இங்க?"

நாற்பது பெற்றோர்களும் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த டேரல் விசிலே அடித்துவிட்டான். இருவரும் இதே பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது அவன் ஊர் ஊராகப் போய் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிறான்.

பதில் சரியில்லை என்றால் மகள் ஐவியை அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுன் பள்ளிக்கு மாற்றிவிடுவதென்று நரெல் தீர்மானித்திருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கட்டும், பரவாயில்லை. அம்மாவைப் போல எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெண்ணாக அவள் வளரக்கூடாது.

ஆமாம், நரெலுக்குப் படிப்பு ஏறவில்லை. இன்றைக்கும் பாங்குப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து கணவனிடம்தான் நீட்டுவாள். அதற்காகத் தன் மண்டையைத்தான் நொந்துகொண்டாளே தவிர, ஹக்கெட் சாரை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

எப்படிச் சொல்வாள்? அவளை ஆற்றுக்குக் கூட்டிப்போன மனுஷன் அல்லவா அவர்.

ஒருநாள் காலையில், அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறையுமாக வகுப்பு வாசலில் வந்து நிற்பார். நரெல், டேரல், இன்னும் இரண்டு பேர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தன் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொள்வார். ஆற்றங்கரையில் தூண்டில் போடக் கற்றுக்கொடுப்பார். தணலில் ரொட்டி சுட்டு, அதன்மேல் சர்க்கரைப் பாகை ஊற்றி, முதல் துண்டை அவளுக்குத்தான் தருவார். வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று பெயரெடுத்த மார்கோ உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பொருமிக்கொண்டிருப்பாள். அந்த ஒரு நாள் நரெலுக்கு ராணி மாதிரி இருக்கும்.

மூன்றாம் வகுப்பில் ஒருமுறை போனார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒருமுறை. நான்காம் வகுப்பில் மட்டும் சார் கூப்பிடவே இல்லை. என்ன தப்பு செய்தோமோ என்று அவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

தலைமையாசிரியை மிஸ் பென்ரோஸ் கோபப்படவில்லை. மேஜையில் இருந்த பழைய பதிவேட்டைத் திறந்தார்.

"இந்தத் தேர்வு மூணாங்கிளாஸுக்கும் அஞ்சாங்கிளாஸுக்கும் மட்டுந்தான். போன தடவை நம்மகிட்ட பதினாலு பேர், பதினாலு பேரும் எழுதினாங்க. ஹக்கெட் சார் காலத்துல பதிமூணு பேர் இருந்தா ஒன்பது பேர்தான் எழுதியிருக்காங்க. வருஷா வருஷம் இப்படித்தான். படிக்கத் திணறுற பிள்ளைங்களாப் பாத்து நாலு பேரைத் தேர்வு அன்னிக்கு வெளிய அனுப்பியிருக்காங்க. அவங்களை விட்டுட்டு சராசரி போட்டா, நான்கூட முதல் இடம் வாங்கித் தருவேன்."

ஹாலில் யாரும் கைதட்டவில்லை.

"எழுதினாத்தானே யாருக்கு எது வரலைன்னு தெரியும்? நரெல், உங்க ஐவிக்கு வாரத்துல மூணு நாள் தனியா உக்காந்து சொல்லிக் குடுக்கிறோமே, அந்தத் தேர்வைப் பாத்துதான் அதை ஆரம்பிச்சோம்."

கணக்கு நரெலுக்கு எப்போதுமே வராது. இந்தக் கணக்கு வந்தது. மூன்று, ஐந்து. நான்கு இல்லை.

முன்வரிசையில் யாரோ கேட்டார்கள். "அப்ப அந்த நாலு பேரும் அன்னிக்கு எங்க போனாங்களாம்?"

"அது இதுல இல்லீங்க. பேரு மட்டுந்தான் இருக்கு. அதையும் நான் வாசிக்கப் போறதில்ல," என்று பதிவேட்டை மூடினார் மிஸ் பென்ரோஸ்.

டேரல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நரெலின் கையைப் பிடித்து மெல்ல இழுத்தான். "உக்காரு, நரெல். விடு."

உட்கார்ந்திருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"ஆத்துக்குப் போயிருந்தோம்," என்றாள் நரெல். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

ஹக்கெட் சார் மேல் கோபம் வரட்டும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. அன்றைக்குத் தானும் உள்ளே உட்கார்ந்து, எல்லாவற்றையும் தப்புத் தப்பாகவாவது எழுதியிருக்கக்கூடாதா என்ற ஏக்கம்தான் முப்பது வருஷம் கழித்து முதன்முறையாக வந்தது.