புது விஷயம் இல்லாத அழைப்பு

பெற்றவர்களும் பிள்ளைகளும் போனில் பேசுவதில் பத்துக்கு ஒன்பது பங்கு அதே கேள்வி, அதே பதில் என்று கண்டுபிடித்தவர் தேவசகாயம்தான். போன் கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்ட். லட்சக்கணக்கான அழைப்புகளை அலசிவிட்டு, வழக்கமான பேச்சுக்குப் பிள்ளையின் குரலிலேயே மெஷின் பதில் சொல்லட்டும், புதுசாக ஏதாவது வந்தால் மட்டும் பிள்ளையிடம் கொடுக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார். பெற்றவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். கம்பெனியும் அப்படியே செய்துவிட்டது.

மனைவி போன பிறகு, ஞாயிறு மதியம் தன் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் மகள் ஜெசிந்தாவை அழைப்பார்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்பா. நீங்க?"

பின்னால் ஒரு ஹாரன் சத்தம்கூட இருக்காது. அதை வைத்தே பேசுவது மெஷின் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நாலு மாதம் பொறுத்தார். இந்த ஞாயிறு, "ஜெசி, வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

சட்டென்று போனுக்குள் தெரு இரைச்சல் புகுந்தது.

"அப்பா? என்னப்பா சொல்றீங்க? உடம்பு ஏதும் சரியில்லையா?"

அவளேதான். படியேறி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது. சொல்ல எவ்வளவோ இருந்தது தேவசகாயத்துக்கு.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா சொன்னேன். நீ சாப்பிட்டியா?"

இரைச்சல் நின்றது.

"சாப்பிட்டேன்பா. நீங்க?"