குதிரையை விடாத நிரல்

"திருட்டுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார், இந்தப் புரோகிராமைப் போட்டியிலேருந்தே தூக்கிடுவோம்" என்றார் விசாரணைக் குழுத் தலைவி ரெஹானா.

அருளப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடங்களுக்கு முன் அவர் இணையத்தில் போட்ட செஸ் நிரலில், குதிரையின் மதிப்பை மட்டும் வேண்டுமென்றே கூட்டி வைத்திருந்தார். குதிரை வெட்டுப்பட்டால் ஏழு வயது மகள் ஜெனிலா அழுவாள். "குதிரையக் குடுக்காதப்பா" என்பாள். அதனால் அவருடைய நிரல் ஆட்டத்தைத் தோற்குமே தவிர, குதிரையை விடாது. உலகத்தில் வேறு யாரும் செய்யாத தப்பு அது. காய்ச்சலில் அவள் போன பிறகு, பார்க்கச் சகிக்காமல் அவரே அந்த மதிப்பைத் திருத்திவிட்டார்.

இப்போது எவனோ ஒருவன் சொந்தமாக எழுதியதாகச் சத்தியம் செய்யும் நிரலில், ராஜாவை மூலையில் தனியே விட்டுவிட்டுக் குதிரை தப்பி ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களோடதுதானே சார்?"

"இந்த ஆட்டம் முடியட்டும்மா."

முடிந்தது. ராஜா விழுந்தார், குதிரை நின்றது. ரெஹானா பேனாவை எடுத்தார்.

"இன்னொரு ஆட்டம் போடுங்க" என்றார் அருளப்பன்.