ஆடாத பலகை

"'என்மேல வடகம் பிழியறா, என்மேல வடகம் பிழியறா'ன்னு காலையிலேர்ந்து இதே புலம்பல். உனக்கு வாய் வலிக்கலையா?" என்று கேட்டது, துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நின்ற துடுப்பு.

மொட்டைமாடியில் மல்லாந்து கிடந்த மிதவைப் பலகைக்கு ரோஷம் வந்தது. "நான் ஏரியில மிதக்கப் பிறந்தவளாக்கும். ஆளுங்க என்மேல ஏறி நின்னுதான் உன்னைத் தண்ணியில போடணும்."

"கடையில அந்த ஒல்லிப் பலகையைப் பார்த்து என்ன சொன்னே? ஞாபகம் இருக்கா?"

நன்றாகவே இருந்தது. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்கு என்று ஒரு பலகை கேட்டபோது, "அகலமானதா எடுங்க சார், ஆடவே ஆடாது" என்றார் கடைக்காரர். உடனே இந்த அகலப் பலகை பக்கத்திலிருந்த ஒல்லியிடம், "நீ ஆடற ஆட்டத்துக்கு உன்னை எவன் வாங்குவான்?" என்று சிரித்தது.

வீட்டுக்காரர் இதன்மேல் நின்றது ஒரே ஒரு தடவை, கூடத்தில், போட்டோவுக்காக. மறுவாரம் வீட்டம்மா கையால் அழுத்திப் பார்த்தாள். அகலம் போதும், ஆடவும் இல்லை. மாடிக்கு ஏற்றிவிட்டாள்.

"அந்த ஒல்லி இப்போ எங்கே?" என்று மெதுவாகக் கேட்டது பலகை.

"ஏரியில வாடகைக்கு ஓடுது. தினம் நாலு பேரைத் தண்ணியில தள்ளுதாம். காக்கா சொல்லிச்சு."



மத்தியானம் ஒரு கருமேகம் மாடிக்கு நேரே வந்து நின்றது. கையில் பிளாஸ்டிக் விரிப்போடு வீட்டம்மா படியேறி வரும் சத்தம் கேட்டது.

"மேகம் ஐயா, வடகம் போனாப் போகுது" என்றது பலகை. "அவ வர்றதுக்குள்ள ரெண்டே நிமிஷம் என்மேல பெய்யுங்களேன்."