நாரை கேட்ட சாட்சி

கடல் கடந்து வந்த கழுகுகள் அந்த ஏரியை ஆண்ட காலம் அது. வழக்கு விசாரிக்க ஒரு நாரையை நீதிபதியாகவும், அரசுக்காக வாதாட ஒரு கீரியை வக்கீலாகவும் அவை நியமித்திருந்தன.

ஒருநாள் தூக்கணாங்குருவி ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். கழுகுகளை ஏசிப் பாடியதாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் சிறகை வெட்டிவிடுவார்கள்.

"பாட்டைக் கேட்டவர் யார்?" என்றது நாரை.

"கழுகு துரையே சொல்லியிருக்கிறார், கனம் கோர்ட்டார் அவர்களே. வேறு சாட்சி எதற்கு?" என்றது கீரி.

"அவர் காதால் கேட்டாரா?"

"அன்று அவர் மலையில் இருந்தார்."

நாரை கால் மாற்றி நின்றது. கீரி நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தியது.

"தாங்கள் நிற்கும் மேடையும் அவர்கள் போட்டதுதான். போன வருஷம் இங்கே இருந்த கொக்கு என்ன ஆயிற்று என்று தெரியுமல்லவா?"

நாரைக்குத் தெரியும். வெளியே முற்றத்தில் கழுகின் நிழல் வட்டமிட்டுக்கொண்டே இருந்தது.

"சாட்சி இல்லை. குருவி போகலாம்" என்றது நாரை.

கூண்டைத் திறந்துவிட்டும் குருவி நகரவில்லை. "வெளியே அவர்கள் இருக்கிறார்களே, ஐயா" என்றது.

நாரை மேடையை விட்டு இறங்கியது. ஒரு சிறகை விரித்துக் குருவியின் மேல் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்தது.

நீதிபதி போகும்போது வக்கீல் எழுந்து நிற்பது அங்கே வழக்கம். கீரி எழுந்தது. அவை இரண்டும் வெளியே போய் வெகுநேரமாகியும் அது உட்காரவில்லை.