சேவியரின் ‘போதும்’

எடை குறைய அறுவை சிகிச்சை செய்து இரைப்பையைச் சுருக்கியபோதே மரியபுஷ்பத்தின் காதுக்குள் ஒரு கருவியும் வைத்தார்கள். வயிறு நிறைந்ததும் அது கணவர் சேவியரின் குரலில் “போதும்” என்று சொல்லும். எட்டு மாதத்தில் முப்பது கிலோ இறங்கியது. பிறகு ஆறு வாரமாக எடை அசையவில்லை.

“இந்தக் கட்டத்துல இப்படி நிக்கிறது சகஜம்தான்க்கா. குரல்ல கொஞ்சம் கண்டிப்பு சேர்த்துப் பாப்போம்,” என்றாள் உணவு ஆலோசகர் கயல்விழி. சேவியரை மறுபடி பதிவுக்கு உட்காரவைத்து, “அதட்டிச் சொல்லுங்கண்ணே,” என்றாள்.

சேவியர் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார்.

“போதும் புள்ள… ரசமாவது ரெண்டு வாய் குடிச்சுக்கோ.”

மூன்று முறை முயன்றும் இதேதான் வந்தது. கயல்விழி சிரித்துவிட்டாள்.

“வேற ஆள் குரல் வச்சிரலாமாக்கா?”

“வேண்டாம்மா. எடை மெதுவாவே இறங்கட்டும்,” என்றாள் புஷ்பம். “இவரே சொல்லட்டும்.”