உள்ரூமில் ஒரு செடி

"இலை வெளுத்துக்கினே போவுதுண்ணே," என்றான் தானியேல்.

"ஊட்டுக்குள்ள வெச்சா அப்படித்தான். கூரை ஓட்டுல ஒண்ண எடுத்துட்டு கண்ணாடி ஓடு போடு. தண்ணியக் கொற," என்றார் ஆசீர்வாதம்.

கும்மிடிப்பூண்டி இரும்புப் பட்டறையில் அவனோடு வேலை செய்பவர். கஞ்சா விதை கொடுத்ததும் அவர்தான்.

சாராயக் கடைகளை மூடிய வருஷம் அது. போலீசுக்குப் பயந்து, தானியேல் உள்ரூமில் சட்டி வைத்து விதைத்திருந்தான். சொன்னபடியே கண்ணாடி ஓடு போட்டான். ஷிஃப்ட் முடிந்ததும் ரயிலைப் பிடித்து வந்து செடியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். மனைவி கிரேஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதத்தில் செடி இடுப்புயரம் வளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த ஆசீர்வாதம் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாடா இது, புளிச்சக்கீரைய வளத்து வெச்சிருக்க."

அவர் போனதும் தானியேல் கிரேஸைப் பார்த்தான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் வெதைய அன்னிக்கே தோண்டி எறிஞ்சிட்டேன். இத நான்தான் போட்டேன். ரெண்டு இலையும் ஒரே மாரி இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள நீ வேலை உட்டா நேரா ஊட்டுக்கு வர ஆரம்பிச்சிட்ட. கல்யாணமாகி இப்பத்தான் வர."

தானியேல் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு உள்ரூமுக்குப் போனான்.